குருஷேவ் சொன்ன மூணு வார்த்தை

(இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே திருத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். சின்ன வயசுல உங்க வீட்ல யாராவது உங்ககிட்ட "தோலை உரிச்சிடுவேன்"னு சொல்லியிருக்காங்களா? எங்க அம்மா வாரத்துக்கு ரெண்டு தடவையாவது சொல்வாங்க. ஹோம்வொர்க் பண்ணலைன்னா தோலை உரிச்சிடுவேன், வெயில்ல விளையாடப் போனா தோலை உரிச்சிடுவேன். நான் ஒரு தடவைகூட பயந்ததில்லை. இதே வாக்கியத்தை வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷ்ல மாத்தி, தமிழே தெரியாத ஒரு போலீஸ்காரர்கிட்ட கொடுங்க. எங்க அம்மா மேல கேஸ் போட்டுருவார்.

நான் காலேஜ் முடிச்ச புதுசுல கொஞ்ச நாள் சப்டைட்டில் எழுதினேன். ஒரு படத்துல வில்லன் ஹீரோகிட்ட "உன்னை அப்புறம் வச்சுக்கறேன்"னு சொல்லிட்டுக் கார்ல ஏறிப் போவான். ராத்திரி ஒரு மணி, தூக்கக் கலக்கம். "உன்னைப் பிறகு நான் வைத்துக்கொள்வேன்"னு அர்த்தம் வர்ற மாதிரி இங்கிலீஷ்ல எழுதி அனுப்பிட்டேன். அந்த சீன் ஒரு காதல் காட்சி மாதிரி ஆயிடுச்சு. அதுக்கப்புறம் எனக்கு அந்த வேலை அதிக நாள் நீடிக்கலை.

நான் பண்ணின தப்பால ஒரு படத்தோட ஒரு சீன்தான் போச்சு. இதே மாதிரி ஒரு வாக்கியத்தை, அணுகுண்டு வச்சிருக்கிற ஒரு நாட்டோட தலைவர், அணுகுண்டு வச்சிருக்கிற இன்னொரு நாட்டோட தூதர் முன்னாடி சொன்னா? அதை அந்த நிமிஷமே இங்கிலீஷ்ல சொல்ல வேண்டிய ஆளுக்கு வயசு 23-னா? அதைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம்.

1956, நவம்பர் 18. மாஸ்கோவில் போலந்து தூதரகத்துல ஒரு விருந்து. போலந்துத் தலைவர் கொமுல்கா வந்திருக்கார், அவருக்காக நடக்குது. சோவியத் கட்சித் தலைவர் நிக்கிதா குருஷேவ் இருக்கார். மேற்கு நாட்டுத் தூதர்களும் இருக்காங்க. அந்த நாள் எப்படிப்பட்ட நாள்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சரியா ரெண்டு வாரத்துக்கு முன்னாடி, நவம்பர் 4-ம் தேதி, சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள்ள புகுந்து ஹங்கேரிப் புரட்சியை நசுக்கியிருக்கு. இன்னொரு பக்கம் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூணும் சேர்ந்து சூயஸ் கால்வாய்க்காக எகிப்து மேல படையெடுத்திருக்கு. அந்த ஹால்ல கிளாஸோட நின்ன எல்லார் மனசுலயும் கோபம்.

குருஷேவ் பேச ஆரம்பிக்கிறார். சூயஸைச் சொல்லி அந்த மூணு நாட்டையும் விளாசுறார். அப்படியே பேச்சு முதலாளித்துவத்துப் பக்கம் திரும்புது. உங்களுக்குப் பிடிக்குதோ இல்லையோ, வரலாறு எங்க பக்கம்தான் இருக்குன்னு சொல்லிட்டு, மூணே மூணு வார்த்தை சேர்க்கிறார்: "மி வஸ் பஹரோனிம்."

பக்கத்துல நின்ன மொழிபெயர்ப்பாளர் பேர் விக்தர் சுகோத்ரெவ். அதை இங்கிலீஷ்ல சொன்னார்: "வி வில் பரி யூ." நாங்க உங்களைப் புதைச்சிடுவோம்.

நேட்டோ நாட்டுத் தூதர்களும் இஸ்ரேல் தூதரும் ஹாலை விட்டு வெளியே போயிட்டாங்க. மறுநாளே பேப்பர்ல வந்துடுச்சு. அந்த வாக்கியம் அதுக்கப்புறம் குருஷேவை விடவே இல்லை. அவர் பதவியில இருந்த காலம் முழுக்க, ஏன், அவர் செத்த பிறகும் விடலை. 1985-ல ஸ்டிங் பாடின "ரஷ்யன்ஸ்" பாட்டுல கூட அதுக்கு ஒரு இடம் உண்டு.

சரி, சுகோத்ரெவ் தப்பா மொழிபெயர்த்தாரா?

இந்தக் கதையை யூடியூப்ல, "உலகப்போரை மூட்டப் பார்த்த மொழிபெயர்ப்புத் தவறுகள்" மாதிரி லிஸ்ட்ல எல்லாம் பார்த்திருப்பீங்க. அதுல எல்லாம் முடிவு ஒண்ணுதான்: பாவம் குருஷேவ், மொழிபெயர்ப்பாளர் சொதப்பிட்டார். எனக்கு இந்த முடிவுல உடன்பாடு இல்லை. ஏன்னு சொல்றேன்.

முதல்ல அந்த மூணு வார்த்தை. "மி"-னா நாங்க. "வஸ்"-னா உங்களை. "பஹரோனிம்"-னா புதைப்போம், அடக்கம் பண்ணுவோம். வார்த்தைக்கு வார்த்தை சுகோத்ரெவ் சொன்னது நூத்துக்கு நூறு சரி. அவர் கடைசி வரைக்கும் சொன்னதும் அதுதான்: அவர் என்ன சொன்னாரோ அதைத்தான் நான் சொன்னேன்.

ஆனா "பஹரோனிம்"-ங்கிற வினைச்சொல்லுக்கு ரஷ்யப் பேச்சுவழக்குல இன்னொரு வாசனை உண்டு. ஒரு பாட்டி "நான் ரெண்டு புருஷனைப் புதைச்சாச்சு"ன்னு சொன்னா, அவங்க கொலைகாரி இல்லை. அவங்க செத்தாங்க, நான் இருக்கேன், அடக்கம் பண்ணி வச்சேன்னு அர்த்தம். அதாவது உங்களுக்குப் பின்னாடியும் நாங்க இருப்போம், உங்க சாவை நாங்க பார்ப்போம். நம்ம ஊர்ல பங்காளிச் சண்டையில "உன் கருமாதிச் சோறு தின்னுட்டுத்தாண்டா நான் போவேன்"னு கத்துவாங்க பாருங்க, கிட்டத்தட்ட அது. அதுல கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. ஆனா அன்பும் இல்லை. கேட்கிறவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

இதுக்குப் பின்னாடி இன்னொரு சங்கதி இருக்கு. மார்க்ஸும் எங்கெல்ஸும் 1848-ல எழுதின கம்யூனிஸ்ட் அறிக்கையில, முதலாளி வர்க்கம் தனக்குக் குழி வெட்டப் போறவங்களைத் தானே உருவாக்கிட்டிருக்குங்கிற கருத்து வரும். சோவியத் யூனியன்ல கட்சி வகுப்புல உட்கார்ந்த யாருக்கும் அது அத்துப்படி. அதனால ஒரு ரஷ்யக் கட்சிக்காரர் காதுல "புதைப்போம்"னு விழுந்தா, அது பாதி பழமொழி, பாதி பாடப்புத்தகம். ஒரு அமெரிக்கர் காதுல விழுந்தா, ஆறு அடிப் பள்ளமும் மண்வெட்டியும் மட்டும்தான் ஞாபகம் வரும்.

அப்புறம் அந்த "வஸ்". ரஷ்ய மொழியில நம்ம மாதிரியே நீ, நீங்க ரெண்டும் உண்டு. "வஸ்"-னா இங்க "உங்க எல்லாரையும்", ஒட்டுமொத்த முதலாளித்துவ அமைப்பையும். இங்கிலீஷ்ல எல்லாத்துக்கும் ஒரே "யூ". நியூயார்க்ல காபி குடிச்சுக்கிட்டே பேப்பர் படிக்கிற ஆளுக்கு அந்த "யூ" யாரு? அவர்தான். அவரும் அவர் பொண்டாட்டி பிள்ளைகளும்.

சரி, அப்ப சுகோத்ரெவ் "உங்களுக்கு அப்புறமும் நாங்க இருப்போம்"னு மென்மையா மாத்திச் சொல்லியிருக்கலாமே? பல பேர் இதைத்தான் கேட்கிறாங்க. அவர் இடத்துல உங்களை வச்சுப் பாருங்க. அவர் லிதுவேனியாவில பிறந்தவர். அம்மாவுக்கு லண்டன்ல சோவியத் வர்த்தக அலுவலகத்துல வேலை. அதனால இரண்டாம் உலகப்போர்க் காலத்தை லண்டன்லதான் கழிச்சார், அங்க தெருவுல விளையாடியே இங்கிலீஷ் கத்துக்கிட்டார். பின்னாடி பிரெஷ்னேவ் காலத்துல அமெரிக்க அதிபர் நிக்சன், தன் பக்கத்து மொழிபெயர்ப்பாளரையே வேண்டாம்னுட்டு இவரை மட்டும் வச்சுப் பேசினார். அவ்வளவு திறமைசாலி. ஆனா 1956-ல அவர் வெளியுறவு அமைச்சகத்துல சேர்ந்த வருஷமே அதுதான். கட்சித் தலைவர் "புதைப்போம்"னு உறுமுறார். இவர் அதை இங்கிலீஷ்ல இனிப்புத் தடவிச் சொன்னா, ஹால்ல ரஷ்யனும் தெரிஞ்ச தூதர்கள் இருக்காங்க. அமெரிக்கத் தூதர் போலனுக்கு ரஷ்யன் தண்ணி பட்ட பாடு. தலைவர் சொன்னதை ஒரு பையன் மாத்திச் சொன்னான்னு ஆயிடும். அதுவும் ஸ்டாலின் செத்து மூணு வருஷம்தான் ஆகுற ஒரு நாட்டுல. நானா இருந்தாலும் "வி வில் பரி யூ"-னுதான் சொல்லியிருப்பேன்.

இன்னொண்ணும் சொல்லணும். வெளியே போன தூதர்கள் முட்டாள்கள் இல்லை. ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதான் அந்த மனுஷனோட டாங்கிகள் ஒரு நகரத்துல ஆட்களை நிஜமாவே கொன்னுச்சு. அதுக்கப்புறம் அவர் வந்து "புதைப்போம்"னா, அது வெறும் தத்துவம்னு எப்படி எடுத்துக்கிறது? "தோலை உரிச்சிடுவேன்" எங்க அம்மா சொன்னா சிரிப்பு. லத்தியோட நிக்கிற ஆள் சொன்னா சிரிப்பு வருமா? சுகோத்ரெவால வார்த்தையைத்தான் கொண்டுவர முடிஞ்சது. கையில லத்தி இருக்கா இல்லையாங்கிறதை எந்த மொழிபெயர்ப்பாளரும் கொண்டுவர முடியாது. கேட்கிறவங்கதான் பார்த்து முடிவு பண்ணிக்கணும்.

குருஷேவ் ஏன் இப்படிப் பேசினார்னு புரிய அவரைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். 1894-ல கலினோவ்கா கிராமத்துல ஒரு ஏழை விவசாயக் குடும்பத்துல பிறந்தவர். பள்ளிக்கூடம் போனது சொற்பம். சின்ன வயசுல மாடு மேய்ச்சார். அப்புறம் சுரங்க நகரம் ஒண்ணுல ஃபிட்டர் வேலை. அவர் மொழி அங்க உருவானது. உதவியாளர்கள் எழுதிக் கொடுத்த உரையை ரெண்டு பக்கம் வாசிப்பார், அப்புறம் பேப்பரைத் தள்ளி வச்சுட்டுச் சொந்தமாப் பேச ஆரம்பிச்சிடுவார். மொழிபெயர்ப்பாளர்களுக்கு வயித்துல புளி கரைக்கிற நேரம் அதுதான்.

1955 செப்டம்பர்ல கிழக்கு ஜெர்மனித் தூதுக்குழு மாஸ்கோ வந்தப்ப ஒரு பேச்சு. நாங்க சிரிச்சுப் பேசறதால மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனினைக் கைவிட்டுட்டோம்னு யாராவது நினைச்சா, அவங்க இறால் விசில் அடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும்னார். மேற்கு நாட்டுப் பேப்பர்ல எல்லாம் "இறால் விசில்"னே வந்துது. மூலத்துல அது இறால்கூட இல்லை. "ராக்"-னு ஒண்ணு, ஆத்துல இருக்கிற, நண்டு மாதிரி கொடுக்கு வச்ச பிராணி. மலை மேல ராக் விசில் அடிக்கும்போதுன்னா, நடக்கவே நடக்காதுன்னு அர்த்தம். நம்ம அத்தைக்கு மீசை முளைக்கிற கதைதான். இதுல யாருக்கும் ஆபத்து இல்லை. படிச்சவன் சிரிச்சிருப்பான். விஷயமும் புரிஞ்சிருக்கும். வேடிக்கையான பழமொழி எல்லை தாண்டினா பிழைச்சுக்கும். மிரட்டலா இல்லையான்னு தெரியாத பழமொழிதான் பிரச்சினை.

அதுக்கு அடுத்த உதாரணம் 1959. அந்த ஜூலையில அமெரிக்கத் துணை அதிபர் நிக்சன் மாஸ்கோ வர்றார். சொகோல்னிகி பூங்காவுல அமெரிக்கக் கண்காட்சியைத் திறந்து வைக்கணும். அவர் கிளம்புறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் அமெரிக்கக் காங்கிரஸ், சோவியத் பிடியில இருக்கிற "அடிமைப்பட்ட நாடுகளுக்காக" ஒரு வாரம் அனுசரிக்கணும்னு தீர்மானம் போட்டிருக்கு. குருஷேவுக்குக் கடும் கோபம். கிரெம்ளின்ல உட்கார்ந்து, இந்தத் தீர்மானம் புதுக் குதிரைச் சாணி மாதிரி நாறுது, அதைவிட நாத்தம் பிடிச்சது எதுவும் கிடையாதுன்னுட்டார். சாணின்னு நான் நாகரிகமாச் சொல்றேன், அவர் அவ்வளவு நாகரிகமாச் சொல்லலை. மொழிபெயர்ப்பாளர் த்ரொயனோவ்ஸ்கி அமெரிக்காவுல வளர்ந்தவர், அவர் அப்பா வாஷிங்டன்ல முதல் சோவியத் தூதரா இருந்தவர். அவர் முகம் சிவந்து போச்சுன்னு நிக்சன் எழுதியிருக்கார். நிக்சனும் விடலை. தலைவர் தப்பாச் சொல்றார், அதைவிட மோசமா நாறுறது பன்னிச் சாணின்னு பதில் சொன்னார். குருஷேவ் சின்ன வயசுல பன்னி மேய்ச்சார்னு அவர் எங்கேயோ படிச்சு வச்சிருந்தார். குருஷேவ் ஒரு நிமிஷம் முறைச்சுட்டுச் சிரிச்சிட்டாராம்.

எனக்கு இந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும். இதைவிட அசிங்கமான பேச்சு அந்த வருஷம் எந்த அரசு மாளிகையிலயும் நடந்திருக்காது. ஆனாலும் ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் முழுசாப் புரிஞ்சுது. சாணி எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் நாறும்.

ஆனா அந்தப் பயணத்துலயே குருஷேவ் இன்னொரு சொல்லை வீசினார். "உங்களுக்குக் குஸ்காவோட அம்மாவைக் காட்டுவோம்." கேட்ட அமெரிக்கர்களுக்குத் தலை சுத்துச்சு. யார் இந்த குஸ்கா? அவங்க அம்மாவை எதுக்குக் காட்டணும்? "குஸ்கா"ங்கிறது குஸ்மாங்கிற பேரோட செல்லச் சுருக்கம். அந்தத் தொடர் ரஷ்ய வழக்குல "உனக்கு நல்லாக் காட்டறேன் பாரு", "உன்னை ஒரு வழி பண்றேன்"ங்கிற மாதிரி. ஏன் குஸ்கா, ஏன் அவன் அம்மாங்கிறதுக்கு ரஷ்யர்களே ஆளுக்கு ஒரு கதை சொல்வாங்க. பயிரை அழிக்கிற ஒரு வண்டுக்கு குஸ்கான்னு பேர் இருக்கு, அதுலருந்து வந்ததுன்னு ஒரு கதை. வீட்டு மூலையில இருக்கிற பேயோட அம்மான்னு இன்னொரு கதை. எதுவும் நிரூபணம் ஆனதில்லை.

மொழிபெயர்ப்பாளருக்கு இங்க நல்ல வழியே கிடையாது. குஸ்மாவின் அம்மான்னு அப்படியே சொன்னா யாருக்கும் புரியாது. அடிப்போம்னு சொன்னா மிரட்டல். யாருன்னு காட்டறோம்னு சொன்னா வெறும் சவடால். இதுல எது சரின்னு குருஷேவோட அந்த நேரத்து மூஞ்சியைப் பார்த்துத்தான் சொல்லணும். இதுல வேடிக்கை என்னன்னா, பின்னாடி அமெரிக்கப் பயணத்துல குருஷேவே இதை விளக்கினார்னு சுகோத்ரெவ் தன் நினைவுக் குறிப்புல சொல்றார். நீங்க எல்லாம் இதை வீணாக் குழப்பிக்கிறீங்க, இதுவரைக்கும் அவங்க பார்த்தே இராத ஒண்ணைக் காட்டுவோம்னுதான் அர்த்தம்னாராம். ரஷ்யன் பேசுற பெரும்பாலானவங்க அந்தச் சொல்லை அப்படிப் பயன்படுத்துறதில்லை. ஆக, சொன்னவர் மனசுல ஒரு அர்த்தம், ஊர் வழக்குல ஒரு அர்த்தம், இங்கிலீஷ்ல அர்த்தமே இல்லை. மொழிபெயர்ப்பாளர் எதைத்தான் பிடிப்பார்?

ரெண்டு வருஷம் கழிச்சு, 1961 அக்டோபர் 30-ம் தேதி, ஆர்க்டிக்ல நோவாயா செம்லியா தீவுக்கு மேல சோவியத் யூனியன் ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதிச்சுது. சுமார் 50 மெகாடன். ஹிரோஷிமா குண்டைப் போல 3000 மடங்குக்கு மேல. இன்னிக்கு வரைக்கும் மனுஷன் வெடிச்ச குண்டுலயே பெரிசு. அதுக்குப் பட்டப்பேர் என்ன தெரியுமா? குஸ்காவின் அம்மா. 1959-ல ஒரு புரியாத பழமொழி. 1961-ல அதே பேர்ல ஒரு குண்டு. எது வாய்ச்சவடால், எது நிஜ மிரட்டல்னு வாஷிங்டன்ல இருக்கிறவங்க எப்படிப் பிரிச்சுப் பார்ப்பாங்க?

நடுவுல "புதைப்போம்" கதை தொடர்ந்துக்கிட்டுதான் இருந்தது. 1959 செப்டம்பர்ல குருஷேவ் அமெரிக்கா போனார். வாஷிங்டன்ல பத்திரிகையாளர்கள் முதல் வேலையா அதைத்தான் கேட்டாங்க. நிலப்பிரபுத்துவம் போய் முதலாளித்துவம் வந்த மாதிரி, அது போய் கம்யூனிசம் வரும், அதைத்தான் சொன்னேன், யாரையும் மண்வெட்டி எடுத்துக்கிட்டு வந்து புதைக்கப் போறதில்லைங்கிற மாதிரி விளக்கினார். போதலை. மூணு நாள் கழிச்சு லாஸ் ஏஞ்சலஸ். டிஸ்னிலேண்ட் போக ஆசைப்பட்டார், பாதுகாப்பு கொடுக்க முடியாதுன்னுட்டாங்க. ஏற்கெனவே கடுப்பு. ராத்திரி விருந்துல நகர மேயர் எழுந்து, நீங்க எங்களைப் புதைக்கவும் முடியாது, நாங்க உங்களைப் புதைக்கவும் மாட்டோம்னு மறுபடி அதையே இழுத்தார். குருஷேவ் பொங்கிட்டார். நான்தான் விளக்கம் சொல்லிட்டேனே, உங்க மேயர் பேப்பரே படிக்க மாட்டாரா, எங்ககிட்ட விமானம் இருக்கு, இப்பவே கிளம்பிப் போயிடுவோம்ங்கிற அளவுக்குப் போச்சு. 1963-ல யூகோஸ்லாவியாவுல பேசும்போதுகூட, அப்படிச் சொல்லி மாட்டிக்கிட்டேன், உங்க தொழிலாளர்களேதான் உங்களைப் புதைப்பாங்கன்னு சொல்லிட்டிருந்தார். ஏழு வருஷமா மூணு வார்த்தைக்கு விளக்கவுரை!

இப்போ 1962 அக்டோபர். கியூபாவுல சோவியத் ஏவுகணைகள். அமெரிக்கக் கடற்படை தீவைச் சுத்தி நிக்குது. அக்டோபர் 26-ம் தேதி குருஷேவ் கென்னடிக்கு ஒரு நீளமான கடிதம் எழுதுறார். அவர் பாணியிலதான் இருக்கு. அதுல ஒரு உவமை: போர்ங்கிற முடிச்சு விழுந்த கயித்தோட ரெண்டு முனையையும் நாம ரெண்டு பேரும் இழுக்கக் கூடாது, இழுக்க இழுக்க முடிச்சு இறுகும், கடைசியில கட்டினவனாலயே அவிழ்க்க முடியாது, வெட்டத்தான் வேண்டியிருக்கும். கிராமத்துக்காரர் பேச்சு. ஆனா எழுத்துல வந்ததால, திரும்பத் திரும்பப் படிச்சு யோசிக்க முடிஞ்சது. கென்னடி பக்கத்துல டாமி தாம்ப்சன்னு ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். மாஸ்கோவுல அமெரிக்கத் தூதரா இருந்தவர், குருஷேவை வீட்டு ஆள் மாதிரி தெரிஞ்சவர். நிக்சன் வந்தப்ப அங்க தூதர் இவர்தான். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்குங்க.

அந்தக் கடிதம் வந்து சேர்ந்த கதைதான் பயங்கரம். மாஸ்கோவுல அமெரிக்கத் தூதரகத்துக்கு அது கைக்கு வந்தப்ப வாஷிங்டன்ல காலை 10 மணிகூட ஆகலை. மொழிபெயர்த்து, சங்கேதமா மாத்தி, துண்டு துண்டா அனுப்பி, முதல் பகுதி வாஷிங்டனுக்கு வந்து சேர்ந்தது சாயங்காலம் 6 மணிக்கு. கடைசிப் பகுதி ராத்திரி 9 மணிக்கு. உலகம் அழியுமா பிழைக்குமான்னு இருக்கிற நாள்ல ஒரு கடிதம் வர கிட்டத்தட்ட 12 மணி நேரம். எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். வாஷிங்டன்ல சோவியத் தூதரா இருந்த தொப்ரினின் எழுதியிருக்கார்: மாஸ்கோவுக்குத் தந்தி அனுப்பணும்னா வெஸ்டர்ன் யூனியனுக்கு போன் போடணும், சைக்கிள்ல ஒரு பையன் வந்து வாங்கிட்டுப் போவான், வழியில எந்தப் பொண்ணுகிட்டயும் நின்னு கதை பேசாம நேரா ஆபீஸ் போகணுமேன்னு வேண்டிக்குவாங்களாம். அக்டோபர் 28-ம் தேதி ஏவுகணையை எடுத்துக்கறோம்ங்கிற முடிவை மாஸ்கோ ரேடியோவுலயே வாசிச்சாங்க. கடிதத்தை நம்பி உட்கார முடியலை.

இதுலருந்து பிறந்ததுதான் ஹாட்லைன். 1963 ஜூன் 20-ம் தேதி ஜெனீவாவுல ஒப்பந்தம், ஆகஸ்ட் 30-ம் தேதி வேலை செய்ய ஆரம்பிச்சது. ஹாட்லைன்னா சினிமாவுல வர்ற சிவப்பு டெலிபோன்தானே ஞாபகம் வருது? டெலிபோனே கிடையாதுங்க அது. டெலிபிரிண்டர். வாஷிங்டன்லருந்து லண்டன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி வழியா மாஸ்கோவுக்கு ஒரு கம்பி. வாஷிங்டன் முனை வெள்ளை மாளிகையிலகூட இல்லை, பென்டகன்ல.

போன் வேண்டாம்னு முடிவு பண்ணதுக்குக் காரணம் நம்ம கதைக்கு முக்கியம். வாயால பேசினா கோபத்துல ஏதாவது வந்துடும், அதை மொழிபெயர்ப்பாளர் அந்த நொடியே சொல்லியாகணும், கேட்டவர் அந்த நொடியே பதில் சொல்லத் தோணும். அதனால எழுத்து. அதுலயும் ஒரு விதி: அமெரிக்கர்கள் இங்கிலீஷ்லயே அனுப்பணும், ரஷ்யர்கள் ரஷ்ய எழுத்துலயே அனுப்பணும். மொழிபெயர்க்க வேண்டியது வாங்குற பக்கம். அதாவது அனுப்புறவர் மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்துல நிக்க வச்சு அவசரப்படுத்த முடியாது. வாங்குறவர் கையில எப்பவும் மூலம் இருக்கும். சந்தேகம் வந்தா மறுபடி மூலத்தைப் பார்க்கலாம். இவ்வளவு எளிமையான யோசனை.

வாஷிங்டன் அனுப்பின முதல் சோதனைச் செய்தி, டைப்பிங் கிளாஸ்ல எல்லாரும் அடிக்கிற அந்தச் சுறுசுறுப்பான பழுப்பு நரி, சோம்பேறி நாய் வாக்கியம். இங்கிலீஷ்ல எல்லா எழுத்தும் அதுல வந்துடும். இதுக்கு என்ன அர்த்தம்னு மாஸ்கோவுல மண்டையைப் பிச்சுக்கிட்டாங்கன்னு ஒரு கதை சொல்வாங்க. உண்மையோ இல்லையோ, குஸ்காவோட அம்மாவுக்கு ஒரு பதிலடி கிடைச்ச மாதிரி இருக்கு.

ஹாட்லைன் முதல்ல நிஜமாப் பயன்பட்டது 1967 ஜூன் 5-ம் தேதி, இஸ்ரேல்-அரபு ஆறு நாள் போர் தொடங்கின அன்னிக்கு. இப்போ குருஷேவ் பதவியில இல்லை, பிரதமர் கொசிகின். அமெரிக்காவுல ஜான்சன். ஆறு நாள்ல சுமார் 20 செய்தி போச்சு, வந்துச்சு. ஜூன் 10-ம் தேதி காலையில வந்ததுதான் எல்லாத்துலயும் கனமானது. இஸ்ரேல் சிரியாவுக்குள்ள முன்னேறிட்டிருக்கு. இன்னும் சில மணி நேரத்துல இஸ்ரேல் நிறுத்தலைன்னா, தேவையான நடவடிக்கை எடுப்போம், அதுல ராணுவ நடவடிக்கையும் அடங்கும்ங்கிற பொருள்ல கொசிகின் எழுதியிருந்தார்.

வெள்ளை மாளிகையின் அந்த அறையில எல்லாரும் சத்தமே இல்லாம உட்கார்ந்திருந்தாங்களாம். அங்க நம்ம தாம்ப்சன் இருக்கார். மறுபடியும் மாஸ்கோவுக்குத் தூதர், தற்செயலா அந்த வாரம் வாஷிங்டன்ல. அவர் செஞ்ச முதல் வேலை என்ன தெரியுமா? ரஷ்ய மூலத்தை வாங்கிப் படிச்சார். "ராணுவ"ங்கிற அந்த ஒரு சொல் நிஜமாவே மூலத்துல இருக்கா, இல்லை மொழிபெயர்ப்புல நுழைஞ்சதான்னு பார்க்க. இருந்தது. சொன்னவர் அதைத்தான் சொல்லியிருக்கார்னு தெரிஞ்ச பிறகுதான் பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போச்சு. ஜான்சன் ஆறாவது கடற்படையைச் சிரியாக் கரைக்கு இன்னும் நெருக்கமாப் போகச் சொன்னார். இஸ்ரேல் மேல போர்நிறுத்தத்துக்கு அழுத்தமும் கொடுத்தாங்க. அன்னிக்கே சண்டை நின்னுது.

போலந்து தூதரகத்துல 1956-ல நின்ன யாருக்கும் இப்படி ஒரு காகிதம் கையில கிடையாது. ஒரு குரல், அதுக்குப் பின்னாடியே இன்னொரு குரல், அவ்வளவுதான்.

எழுத்து எல்லாத்தையும் சரி பண்ணிடுச்சான்னா, அதுவும் இல்லை. ஜூன் 5-ம் தேதி முதல் செய்தி அனுப்பும்போது, வாஷிங்டன் பக்க ஆபரேட்டர்களுக்கு ஒரு சின்னச் சந்தேகம். கொசிகினை எப்படி விளிக்கணும்? மாஸ்கோ பக்க ஆபரேட்டர்கள்கிட்டயே கேட்டாங்க. அவங்க தங்களுக்குள்ள எப்படிச் சொல்வாங்களோ அப்படியே சொன்னாங்க: தோழர் கொசிகின். அப்படியே போட்டு அனுப்பியாச்சு. உலகத்துலயே பெரிய முதலாளித்துவ நாட்டோட அதிபர்கிட்டருந்து, போர் நடுவுல, "தோழர் கொசிகின்"னு ஒரு செய்தி. ரஷ்யர்கள் அதைப் பார்த்துட்டு, ஜான்சன் நம்மளைக் கிண்டல் பண்றாரான்னு யோசிச்சாங்களாம். இந்தக் கதையைப் பின்னாடி சொன்னதும் தாம்ப்சன்தான்.